பக்கத்துத் தெரு உத்தியோகமா, பஸ் ஏறிப் போகும் உத்தியோகமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. காப்பிக்குப் பாலை அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்பினால், என் அண்ணன் மகள் வாசற்படியில் நிற்கிறாள். வந்ததும் வராததுமாகக் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"அத்தை, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் இதைப் படியுங்கள். காப்பி அப்புறம் ஆகட்டும்!"

படித்தேன். சிறுசேரியில் ஒரு பெரிய கம்பெனியின் கணக்குப் பிரிவில் அவளுக்கு வேலை. பிடித்தமெல்லாம் போக மாதம் 45,000 ரூபாய் கைக்கு வரும்.

"பேஷ்! இதற்கா இப்படி முகத்தைத் தூக்கி வைத்துக் கொண்டிருக்கிறாய்?" என்றேன்.

"சங்கடமே அதில்தான் இருக்கிறது. 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்கிறார் இவர். 'இருப்பதை விட்டுப் பறப்பதைப் பிடிக்கலாமா?' என்கிறார் மாமியார். இரண்டுமே பெரியவர்கள் சொன்ன பழமொழிதானே? நான் எதைக் கேட்பது?"

அதற்குள் பால் பொங்கி வழிந்துவிட்டது. துடைத்துக் கொண்டே நான் யோசித்தேன். சகோதரிகளே, உங்களில் எத்தனையோ பேர் இதே சங்கடத்தில் இருப்பீர்கள். ஆகையால் அன்று நாங்கள் இருவரும் உட்கார்ந்து போட்ட கணக்கை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அவளுடைய இப்போதைய உத்தியோகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீடு மேற்கு மாம்பலத்தில். இரண்டு தெரு தள்ளி ஒரு மொத்த வியாபாரியின் காரியாலயம். அங்கே பதினைந்து பேர். இவள் கணக்கு எழுதுகிறாள். காலை 10 மணிக்குப் போனால் மாலை 5 மணிக்கு வீடு. மத்தியானம் வந்து சூடாக ஒரு வாய் சாப்பிட்டுவிட்டும் போகலாம். நாலு வயதுக் குழந்தைக்கு உடம்பு கொதித்தால் பத்தே நிமிஷத்தில் ஓடி வந்துவிடலாம். முதலாளி தங்கமானவர். கைக்கு வருவது 22,000 ரூபாய்.

"அப்படியானால் உனக்கு என்ன குறை?" என்று கேட்டேன்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "அத்தை, நாலே முக்கால் வருஷமாக அதே பேரேடு, அதே பில். புதிதாக ஒன்றுமே கற்றுக் கொள்ளவில்லை. நாளைக்கு முதலாளி வயதாகிவிட்டது என்று கடையை மூடினால், என்னை யார் வேலைக்கு எடுப்பார்கள்? ராத்திரி படுத்தால் அந்தப் பயம் வருகிறது."

இதைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் நானும் முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்தவள். 1987-ல் எனக்கு ஒரு பதவி உயர்வு வந்தது. மதுரைக்குப் போகவேண்டும் என்றார்கள். வீட்டில் எல்லோரும் வேண்டாம் என்றார்கள். நானும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒருவேளை அதுவே சரியான முடிவாகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் அன்று நான் ஒரு காகிதத்தை எடுத்து நாலு வரி கணக்குப் போட்டுப் பார்த்தேனா? இல்லை. அந்த வருத்தம் இன்றுவரை போகவில்லை.

ஆகவே அவளிடம், "அலமாரியிலிருந்து ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்து வா!" என்றேன்.

முதல் கணக்கு மணிக்கணக்கு. சம்பளத்தைச் சம்பளத்தோடு ஒப்பிடுவதில்தான் நாம் எல்லோரும் ஏமாந்து போகிறோம். வீட்டுப் படி இறங்கியதிலிருந்து திரும்ப வீட்டுப் படி ஏறும்வரை எத்தனை மணி என்று பார்க்க வேண்டும். இப்போதைய வேலையில், போகவர நடையும் சேர்த்து ஒரு நாளைக்கு 7 மணி 20 நிமிஷம். சனிக்கிழமையும் உண்டு, மாதத்துக்கு 25 நாள். மொத்தம் 183 மணி. 22,000 ரூபாயை 183-ஆல் வகுத்தால், மணிக்குச் சுமார் 120 ரூபாய்.

இனி சிறுசேரி. மாம்பலத்திலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர். மத்திய கைலாஷைத் தாண்டிப் பழைய மகாபலிபுரம் சாலையில் காலை வேளையில் போனவர்களுக்கு அந்த 30 கிலோமீட்டரின் நீளம் தெரியும்! கம்பெனி பஸ்ஸில் ஒரு வழிக்கு ஒன்றரை மணி. வேலை 9 மணி. ஆக ஒரு நாளைக்கு 12 மணி. மாதத்துக்கு 21 நாள் என்றால் 252 மணி. மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் நாட்களில் இன்னும் 12 மணி சேரும். மொத்தம் 264.

செலவைப் பார்ப்போம். பஸ்ஸுக்கு 2,500. மாலையில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அம்மாளுக்கு 5,000. மாமியாருக்கு முழங்கால் வலி. இருட்டும் வரை அவரால் குழந்தையின் பின்னால் ஓட முடியாது. காலைச் சமையலுக்கு ஆள் 3,500. வெளிச் சாப்பாடு, துணிமணி 2,000. எல்லாம் சேர்ந்து 13,000. 45,000-ல் இதைக் கழித்தால் மிஞ்சுவது 32,000. அதை 264-ஆல் வகுத்தால்?

"121 ரூபாய்!" என்றாள். அவள் முகம் வாடிவிட்டது. "ஒரு ரூபாய்தான் அதிகமா? இதற்கா நான் மூன்று நாளாகத் தூங்காமல் இருந்தேன்?"

ஆமாம், சகோதரிகளே. 23,000 ரூபாய் கூடுதல் என்று நினைத்தது, 10,000 ரூபாய் ஆகிவிட்டது. அந்தப் பத்தாயிரத்துக்கும் மாதம் 81 மணி கொடுக்க வேண்டும். இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் மாமியார் பழமொழியே ஜெயித்திருக்கும்.

"கொஞ்சம் பொறு. இது முதல் வருஷக் கணக்குத்தான். பத்தாவது வருஷத்துக் கணக்கை யார் போடுவது?" என்றேன்.

குழந்தைக்கு இன்னும் நாலைந்து வருஷத்தில் மாலை ஆள் வேண்டியதில்லை. அந்த 5,000 மிஞ்சும். சிறுசேரியில் கற்றுக்கொள்ளும் வேலை, வேறொரு இடத்துக்குப் போனாலும் கூடவே வரும். மாம்பலத்துப் பேரேடு அப்படி வராது. வருங்கால வைப்பு நிதியையும் பார்க்க வேண்டும். நம் சம்பளத்தில் 12 சதவிகிதம் பிடித்தால், முதலாளியும் 12 சதவிகிதம் போடுகிறார். ஆனால் சில இடங்களில் 15,000 ரூபாய்க்கு மட்டும் கணக்கிட்டு நிறுத்திக் கொள்வார்கள். சில இடங்களில் அதற்கு மேலும் போடுவார்கள். இதை வேலைக்குச் சேருமுன் கேட்டுவிட வேண்டும். இன்றைக்குச் சின்ன வித்தியாசம். இருபது வருஷத்தில் பெரிய தொகை.

இன்னொன்றும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. "ஐந்து வருஷம் நிறைய இன்னும் எத்தனை மாதம்?" என்று கேட்டேன். "மூன்று" என்றாள். "அடி பைத்தியக்காரி! கிராஜுவிட்டி என்ன ஆவது?"

பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், நிரந்தர வேலையில் ஐந்து ஆண்டு நிறைந்தவர்களுக்குப் பணிக்கொடை உண்டு. கணக்காகும் கடைசி மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கினால், ஓர் ஆண்டுக்கு உரிய தொகை வரும். இவளுக்குக் கணக்காகும் சம்பளம் 15,000. ஐந்து ஆண்டுக்கு 43,000 ரூபாய்க்கு மேல் வருகிறது. அவசரப்பட்டு அடுத்த மாதமே கிளம்பியிருந்தால் அது கைக்கு வருவதில் தகராறு வந்திருக்கலாம்! உங்களில் யாராவது வேலை மாறுகிறீர்களானால், சேர்ந்த தேதியை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

அடுத்தது, வேலையின் குணம். அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கிளாடியா கோல்டின் என்ற அம்மையார் பொருளாதாரப் பேராசிரியை. 2023-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார். அதை யாருடனும் பங்கிட்டுக் கொள்ளாமல் தனியாகப் பெற்ற முதல் பெண்மணி அவர்தான். இருநூறு ஆண்டுகளாகத் தம் நாட்டுப் பெண்கள் பார்த்த வேலையைப் பற்றிய விவரங்களைத் தேடித் திரட்டியவர். சில உத்தியோகங்களுக்கு அவர் 'பேராசைக்கார வேலை' என்று பெயர் வைத்திருக்கிறார். கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் ஓடி வந்தால் அந்த வேலை அள்ளிக் கொடுக்கும். கொஞ்சம் நேரத்தைக் குறைத்துக் கொண்டால் சம்பளத்தை ஒரேயடியாக வெட்டிவிடும். வீட்டில் குழந்தை பிறந்ததும், கணவர் அந்த வேலைக்குப் போகிறார். மனைவி சுலபமான வேலைக்கு ஒதுங்குகிறாள். இருவருடைய சம்பளமும் அங்கிருந்துதான் விலகிப் போக ஆரம்பிக்கின்றன என்கிறார்.

ஆனால் மருந்துக்கடை வேலை அவருடைய நாட்டில் அப்படி இல்லையாம். நோயாளியின் விவரமெல்லாம் கணினியில் ஏறிவிட்டதால், ஒரு மருந்தாளர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் தொடர்ந்து பார்க்க முடிகிறது. ஆகவே குறைந்த நேரம் வேலை செய்கிறவர்களுக்கும் மணிக்கூலி அதிகம் குறைவதில்லை.

இதிலிருந்து நமக்கு ஒரு நல்ல கேள்வி கிடைக்கிறது. "நான் ஒரு நாள் வராவிட்டால் என் வேலையை இன்னொருவர் பார்க்க முடியுமா?" புது இடத்தில் இதைத் தயங்காமல் கேளுங்கள். "அதெல்லாம் முடியாது, நீங்களேதான் வரவேண்டும்" என்றால், சம்பளம் எவ்வளவு பெரிதானாலும் இரண்டு தடவை யோசியுங்கள். இரவு வேலையைப் பற்றியும் கேளுங்கள். மாலை 7 மணிக்கு மேல் பெண்களை வேலைக்கு வைத்துக்கொள்ள அவர்களுடைய சம்மதம் வேண்டும், பாதுகாப்புக்கு ஏற்பாடு வேண்டும் என்று 2020-ல் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. சம்மதம் என்பது நம் கையில் இருக்கிறது. அதைச் சும்மா கொடுத்துவிடக் கூடாது.

கடைசிக் கேள்வியைத்தான் நான் மிகவும் தயங்கிக் கேட்டேன். "நீ காலை 7 மணிக்குக் கிளம்பிவிட்டால், இதுவரை நீ செய்த வேலையை வீட்டில் யார் செய்வது?"

"வேறு யார்? நான்தான் 4 மணிக்கு எழுந்து செய்துவிட்டுப் போவேன்."

இதைத்தானே நாம் எல்லோரும் சொல்லிக் கொண்டிருக்கிறோம்! மத்திய அரசு 2024-ல் எடுத்த கணக்கின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் நாளொன்றுக்கு அதில் 289 நிமிஷம் செலவிடுகிறார்கள். வீட்டு வேலையில் கைகொடுக்கும் ஆண்களோ 88 நிமிஷம். சிறுசேரிக்கு 12 மணி, வீட்டுக்குச் சுமார் 5 மணி என்றால், தூங்குவதற்கும் குழந்தையைக் கொஞ்சுவதற்கும் மிஞ்சுவது என்ன? எந்த உத்தியோகமானாலும் இப்படிப் பார்த்தால் ஆறு மாதத்தில் உடம்பு விழுந்துவிடும். பழி உத்தியோகத்தின் மேல் வரும்.

"மாப்பிள்ளையை இங்கே கூப்பிடு. காற்றுள்ளபோது தூற்றச் சொன்னவர் முறத்தைப் பிடிக்க வரவேண்டாமா?" என்றேன்.

அவர் வந்தார். நல்ல பிள்ளை, காகிதத்தை மேலிருந்து கீழே இரண்டு தடவை பார்த்தார். 121 ரூபாய் என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகு நேரம் இருந்தார். பிறகு, காலையில் குழந்தையை எழுப்பிக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடத்தில் விடுவது தம் பொறுப்பு என்றும், மாதக் கடைசியில் இரவுச் சமையலும் தம்முடையது என்றும் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதைக் காகிதத்தின் அடியில் எழுதி வாங்கிவிட்டேன்!

அவள் கம்பெனிக்குப் பதில் எழுதினாள். சேர மூன்று மாத அவகாசம் வேண்டும். வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை வேண்டும். இரவு நேரமானால் வீட்டு வாசல் வரை வண்டி வேண்டும். முதலாவதும் மூன்றாவதும் உடனே கிடைத்தன. இரண்டு நாள் கேட்டதற்கு ஒரு நாள் கொடுத்தார்கள். கேட்காமல் இருந்திருந்தால் ஒன்றும் கிடைத்திராது.

எல்லாம் சுபம் என்று எழுதிவிட ஆசைதான். ஆனால் உங்களிடம் பொய் சொல்லக் கூடாது. சேர்ந்த இரண்டாவது மாதக் கடைசியில், பள்ளியில் மாறுவேடப் போட்டி இருந்ததை அவள் அடியோடு மறந்துவிட்டாள். காலையில் அப்பாவே ஒரு துண்டைத் தலைப்பாகை கட்டி, மீசை வரைந்து, குழந்தையைப் பாரதியாராக அனுப்பி வைத்தார். பரிசு கிடைக்கவில்லை, குழந்தைக்குக் குதூகலம் மட்டும் குறையவில்லை. படத்தைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு அவள் காரியாலயத்துக் குளியலறையில் போய் அழுதாளாம். அந்த அழுகைக்கு எந்தக் கணக்கிலும் இடம் ஒதுக்க மறந்துவிட்டோம்.

எல்லோரும் சிறுசேரிக்குக் கிளம்ப வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. எங்கள் எதிர் வீட்டுப் பெண் இதே மாதிரி கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் பெரிய சம்பளத்தை வேண்டாம் என்று சொன்னாள். படுத்த படுக்கையாக இருக்கும் அப்பாவுக்கு மாலை 5 மணிக்கு அவள் கை வேண்டும். மிஞ்சும் நேரத்தில் தபால் வழியாக மேல் படிப்புப் படிக்கிறாள். அவளுக்கும் ஒரு குறையும் இல்லை. ஏனென்றால் அது அவளே போட்ட கணக்கு.

நீங்களும் யாராவது பழமொழி சொல்லுமுன் ஒரு காகிதத்தை எடுங்கள். மணிக்கு எவ்வளவு மிஞ்சுகிறது, பத்து வருஷத்தில் கையில் என்ன இருக்கும், நான் இல்லாத நாளில் வேலை நடக்குமா, வீட்டு வேலையை யார் யார் செய்வது என்று நாலு கேள்விகளையும் எழுதுங்கள். நாலாவது கேள்வியை எழுதும்போது வீட்டுக்காரரையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கொள்ளுங்கள்.

சென்ற ஞாயிறு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். "எப்படி இருக்கிறது?" என்றேன். "கஷ்டமாகத்தான் இருக்கிறது, அத்தை. ஆனால் ராத்திரி அந்தப் பயம் வருவதில்லை" என்றாள். அதற்குள் மாப்பிள்ளை காப்பி கொண்டு வந்து வைத்தார். கொஞ்சம் தண்ணீராகத்தான் இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன்.