ஒளியால் நீரைத் தூய்மை செய்தல்



தெளிந்த நீரெல்லாம் தூய நீர் என்று எண்ணுவது நம் வழக்கம். குளோரின் கலந்த நீரில் எவ்வித அச்சமும் இல்லை என்றும் நம்புகிறோம். இந்நம்பிக்கையை 1955ஆம் ஆண்டின் இறுதியில் தில்லி மாநகரம் சோதித்தறிந்தது. யமுனையில் வெள்ளம் வடிந்தபின் ஆற்றின் போக்கு மாறி, நஜஃப்கர் வாய்க்காலின் கழிவுநீர் வஜீராபாத் நீரேற்று நிலையத்துள் புகுந்தது. குளோரின் மிகுதியாகச் சேர்க்கப்பட்டது. டைபாய்டும் சீதபேதியும் பெருகவில்லை. ஆயினும் ஏறத்தாழ 29,000 பேரை மஞ்சட்காமாலை பற்றியது. கருவுற்ற தாய்மாரிடையே உயிரிழப்பு மிகுந்திருந்தது. பாக்டீரியாக்கள் மடிந்தன, வைரஸ் தப்பியது. அது ஹெபடைடிஸ் ஈ என்னும் வைரஸ் என்பது பல்லாண்டுகளுக்குப் பின்னரே தெளிவாயிற்று.

இத்தகைய வைரஸ்களை அடக்க மற்றொரு துணை உண்டு. அதுவே புற ஊதாக் கதிர். 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள கதிரை இதற்குப் பெரிதும் பயன்படுத்துகின்றனர். ஞாயிற்றிலிருந்து வரும் இக்கதிரை ஓசோன் படலம் தடுத்துவிடுவதால், பாதரச ஆவி விளக்கைக் கொண்டே அதைப் பெறுகிறோம். பிரான்சு நாட்டு மார்சேய் நகரில் 1910ஆம் ஆண்டிலேயே இம்முறை சோதிக்கப்பட்டது.

கதிர் செய்வது யாது? ஆரணியில் பட்டு நெய்வோருக்கு இது எளிதில் விளங்கும். ஜக்கார்டு அட்டையின் துளைகளே சேலையின் பூவை வகுக்கின்றன. துளைகள் கெட்டால் அட்டை இருக்கும், பூ விழாது. வைரஸின் உள்ளேயும் அதன் இனப்பெருக்கத்துக்குரிய குறிப்பு எழுதப்பட்டுள்ளது. கதிர் பட்டதும் அக்குறிப்பில் அடுத்தடுத்துள்ள எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அதன்பின் அதைப் படியெடுக்க இயலாது. வைரஸ் அழிந்து மறைவதில்லை. பெருகும் ஆற்றலை இழக்கிறது. பெருகாத வைரஸ் நோய் தராது.

எல்லா வைரஸ்களும் ஒரே அளவில் அடங்குவதில்லை. சதுர சென்டிமீட்டருக்கு 40 மில்லிஜூல் என்பது பல கருவிகளுக்குரிய அளவு. அடினோ வைரஸ் பதினாயிரத்தில் ஒன்றே எஞ்ச வேண்டுமாயின் 186 மில்லிஜூல் தேவை என அமெரிக்க அரசின் விதி கூறுகிறது.

நம் நாட்டுக்கு உகந்த எளிய கருவியை அமைத்தவர் பம்பாயில் பிறந்த விஞ்ஞானி அசோக் காட்கில். 1992ஆம் ஆண்டு சென்னையில் தலைகாட்டிய புதுவகைக் காலரா பிற பகுதிகளுக்கும் பரவிப் பலரைப் பலிகொண்டது. அதுவே அவர் முயற்சிக்குத் தூண்டுகோலாயிற்று. அவருடைய கருவியில் விளக்கு நீருள் மூழ்காமல் மேலே நிற்கும்; ஆதலால் அதன்மேல் உப்பு படிவதில்லை. அது நிமிடத்துக்குச் சுமார் 15 லிட்டர் நீரைத் தூய்மை செய்தது.

எனினும் இதன் எல்லைகளையும் அறிதல் வேண்டும். சாயத் தொட்டியின் அடி கண்ணுக்குத் தெரியாதது போலக் கலங்கிய நீருள் கதிரும் ஊடுருவாது. முதலில் வடிகட்டியாக வேண்டும். விளக்கைக் கடந்த நீருக்குக் காவல் ஏதுமில்லை. குழாயிலோ குடத்திலோ மீண்டும் கிருமி சேரலாம். அதனால்தான் நகர நீர்நிலையங்களில் கதிரோடு சிறிது குளோரினும் சேர்க்கின்றனர். நாளடைவில் விளக்கின் ஒளி எரியும்போதே குன்றும். குறித்த காலத்தில் அதை மாற்றுதல் வேண்டும். மின்சாரம் நின்ற வேளையில் நீரைக் காய்ச்சிப் பருகுவதே தக்கது.