பணப்பையும் துப்பாக்கியும்

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் பணியாற்றுகின்ற, பணியாற்றி ஓய்வு பெற்ற குடும்பங்கள் நம் பகுதியில் ஏராளம். இராணுவத்திற்கான டாங்குகள் உருவாகும் ஊர் இது. ஆயினும் அம்பத்தூரிலோ பூந்தமல்லியிலோ மளிகைக் கடைக்குச் செல்லும் நாம், பக்கத்தில் நிற்பவர் இடுப்பில் துப்பாக்கியோடு நிற்பதைக் கண்டதில்லை. நாம் அருகில் பார்க்கின்ற துப்பாக்கி பெரும்பாலும் வங்கி வாசலில் அமர்ந்திருக்கும் காவலாளியின் துப்பாக்கிதான். அவரும் பல நேரங்களில் ஒரு முன்னாள் படைவீரராகவே இருப்பார்.

இதற்குக் காரணம் நம் நாட்டுச் சட்டம். 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி உரிமம் இல்லாமல் யாரும் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. உரிமம் வேண்டுவோர் மாவட்ட ஆட்சியரிடமோ, மாநகரக் காவல் ஆணையரிடமோ தகுந்த காரணம் காட்ட வேண்டும். 2019-இல் வந்த திருத்தம், ஒருவர் 2 துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று வரையறுத்தது. தேர்தல் வந்தால், உரிமம் பெற்றவர்களிடமும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். எனவே, 'கடைக்குள் துப்பாக்கியோடு வரலாமா?' என்ற கேள்வி நம் கடைக்காரர்களுக்கு எழுவதே இல்லை.

ஆனால், நம் பிள்ளைகள் பலர் வேலைக்கும் படிப்புக்கும் சென்றிருக்கின்ற அமெரிக்காவில் இது அன்றாடக் கேள்வி. அங்கே பல மாநிலங்களில் பொதுமக்கள் துப்பாக்கியை வெளியில் தெரியும்படியோ, மறைத்தோ எடுத்துச் செல்லலாம். அதே வேளையில், கடை என்பது தனியார் இடம். 'இங்கே துப்பாக்கி வேண்டாம்' என்று சொல்ல உரிமையாளருக்கு உரிமை உண்டு. டெக்சாஸ் மாநிலத்தில் அதற்கென்றே சட்டம் வகுத்த அறிவிப்புப் பலகைகள் இருக்கின்றன. ஆகவே, சட்டமன்றத்தில் நடந்த வாக்குவாதம் கடை வாசலுக்கு வந்துவிட்டது. அங்கே ஆயுதமாகப் பயன்படுவது பணப்பை.

துப்பாக்கி வைத்திருப்போர் இதை இரு விதமாகச் செய்கிறார்கள். தடைப் பலகை வைத்த கடையைப் புறக்கணிப்பது ஒன்று. 'துப்பாக்கி வேண்டாம் என்றால் எங்கள் பணமும் வேண்டாம்' என்னும் பொருள்பட அச்சிட்ட சிறு அட்டையைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வருவோரும் உண்டு. தங்களை அனுமதிக்கின்ற கடையில் கூட்டமாகச் சென்று வாங்குவது மற்றொன்று. எதிர்த்தரப்பினரும் இதே வழியைக் கையாளுகின்றனர்.

இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு ஸ்டார்பக்ஸ் காபிக் கடைகள். 2010-இல் கலிஃபோர்னியாவில் சிலர், குண்டு நிரப்பாத துப்பாக்கியை இடுப்பில் தெரியும்படி வைத்துக்கொண்டு காபிக் கடைகளில் கூடினார்கள். வேறு சில நிறுவனங்கள் தடை விதித்தன. ஸ்டார்பக்ஸ், 'அந்தந்த மாநிலச் சட்டத்தைப் பின்பற்றுவோம்' என்றது. 2012 பிப்ரவரி 14 அன்று துப்பாக்கி எதிர்ப்பாளர்கள் அந்தக் கடைகளைப் புறக்கணிக்க அழைத்தார்கள். ஆதரவாளர்களோ அதே நாளில் 2 டாலர் நோட்டுகளோடு காபி வாங்கக் கிளம்பினார்கள். துப்பாக்கி உரிமையைப் பேசுவது அந்நாட்டு அரசியலமைப்பின் 2-ஆம் திருத்தம் என்பதை நினைவூட்டவே அந்த 2 டாலர்.

2012 டிசம்பரில் நியூடவுன் என்ற ஊரின் பள்ளியில் 20 குழந்தைகளும் பணியாளர்கள் 6 பேரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் மாதம், ஸ்டார்பக்சுக்கு நன்றி சொல்லும் நாள் ஒன்றை ஆதரவாளர்கள் கடைப்பிடித்தபோது, அந்த ஊரிலும் கூட முற்பட்டார்கள். அங்கிருந்த கடை அன்று முன்னதாகவே மூடப்பட்டது. 2013 செப்டம்பரில் நிறுவனத்தின் தலைவர் ஹோவர்ட் ஷுல்ட்ஸ், துப்பாக்கியோடு வரவேண்டாம் என்று வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டார். தடை என்று அவர் சொல்லவில்லை. தடை விதித்தால், ஆயுதம் தாங்கிய ஒருவரை எதிர்கொண்டு, 'வெளியே போங்கள்' என்று சொல்ல வேண்டிய நிலைக்குக் கடை ஊழியர் தள்ளப்படுவார் என்பதே அவர் சொன்ன காரணம்.

நாம் நின்று சிந்திக்க வேண்டிய இடம் இதுவே. மூன்றரை ஆண்டுகள் இரு தரப்பும் பணத்தால் மோதிக்கொண்டன. காபி ஊற்றிக் கொடுக்கும் அந்த இளைஞரின் நிலை என்ன என்ற கேள்வி கடைசியில்தான் எழுந்தது.

வாங்குவோரின் பலம் சாதாரணமானதன்று. 2000-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் என்ற துப்பாக்கி நிறுவனம் பாதுகாப்புப் பூட்டு உள்ளிட்ட கட்டுப்பாடுகளுக்கு அரசோடு ஒப்பந்தம் செய்தபோது, துப்பாக்கி வாங்குவோர் அதைப் புறக்கணித்தனர். 1987-இல் 11 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கப்பட்ட அந்த நிறுவனம், 2001-இல் ஒன்றரைக் கோடி டாலருக்குக் கைமாறியது.

புறக்கணிப்பு தவறா? தவறில்லை. சுதேசி இயக்கத்தில் அந்நியத் துணியை ஒதுக்கியவர்கள் நம் முன்னோர். சல்லிக்கட்டுப் போராட்டத்தை அடுத்து, 2017 மார்ச் 1 முதல் வெளிநாட்டுக் குளிர்பானங்களை விற்பதில்லை என்று நம் வணிகர் சங்கங்களே அறிவித்தன. பொருள் வாங்குவது பொருளாதாரச் செயல் மட்டுமல்ல, அறநெறி சார்ந்த செயலும் கூட என்று திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் தமது 2009-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் கற்பித்தார். தற்காப்புக்காகத் துப்பாக்கி வைத்திருப்பவரின் அச்சமும் பொய்யன்று. 'சட்டத்தை மதிப்பவரைத்தான் பலகை தடுக்கும், கொள்ளையனைத் தடுக்காது' என்று அவர்கள் கேட்பதையும் நாம் ஒதுக்கிவிட முடியாது.

ஆனால், தேர்தலில் ஆளுக்கு ஒரு வாக்கு. கடையில் அப்படி இல்லை. அதிகம் செலவழிப்பவரின் குரலே அதிகம் கேட்கும். நாள் முழுவதும் அங்கே நிற்பவருக்கோ வாக்கே இல்லை. வாடிக்கையாளர் பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போகலாம். ஊழியர் போக முடியாது. இடுப்பில் துப்பாக்கியோடு ஒருவர் 'மீதிச் சில்லறை எங்கே?' என்று குரல் உயர்த்தினால், அவரிடம் சமமாகப் பேச யாருக்குத் துணிவு வரும்?

துப்பாக்கி இல்லாத நம் ஊரிலும் பணப்பை இருக்கின்றது, கைப்பேசி இருக்கின்றது. கடை மீதோ நிறுவனம் மீதோ கோபம் வரும்போது, உணவு கொண்டுவரும் தம்பிக்கு ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்து முடித்துவிடுகின்றோம். பேரங்காடியில் கால் கடுக்க நிற்கும் சகோதரியிடம் சீறுகின்றோம். விலையை நிர்ணயித்தவர் அவர்கள் அல்லர், விதியை எழுதியவரும் அல்லர்.

அநீதியான நிறுவனத்தை எதிர்க்க நம் பணத்தைப் பயன்படுத்துவோம். அதற்கு முன் ஒரு கேள்வியை மட்டும் கேட்டுக்கொள்வோம்: நாம் தருகின்ற அழுத்தம் முதலில் யார் தோளில் விழும்?