முப்பது குடும்பும் ஒரு குடமும்

முப்பது பேர் கூடும் ஒரு சபையில் எத்தனை உறவுகள் இருக்கும்? இரண்டிரண்டு பேராகச் சேர்த்தால் 435. மூன்று மூன்று பேராக எண்ணினால் 4,060. சமூக உறவுகளைக் கணிக்கும் அறிவியல் இந்த மூவர் கணக்கில்தான் உயிர் பெறுகிறது. என் நண்பர்கள் இருவர் தங்களுக்குள் பகைத்துக்கொண்டால் நான் நிம்மதியாக இருக்க முடியாது. அவர்களைச் சேர்த்துவைக்க வேண்டும், இல்லையென்றால் ஒருவரை விட வேண்டும். ஃபிரிட்ஸ் ஹைடர் 1946-இல் சொன்ன இந்தக் கருத்தை, கார்ட்ரைட்டும் ஹராரியும் 1956-இல் கணிதமாக்கினார்கள். எல்லா மூவர் அணியிலும் சமநிலை வந்துவிட்டால் மிஞ்சுவது இரண்டே வழி: எல்லோரும் ஒன்று, அல்லது ஊர் இரண்டு கட்சி.

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் கராத்தே சங்கத்தில் அப்படியே நடந்தது. யார் யாருடன் பழகினார்கள் என்ற வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு, 34 பேரில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் எந்தப் பக்கம் போவார்கள் என்பதைச் சரியாகப் பிரித்துக் காட்டினார் வெய்ன் சக்காரி. கட்டுரை வெளியான ஆண்டு 1977.

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர்ச் சபை இப்படிப்பட்ட பிளவை முன்கூட்டியே தடுக்கப் பார்த்தது என்றே நினைக்கிறேன். முதலாம் பராந்தகன் காலத்து 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டு வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கிறது. ஊரில் முப்பது குடும்புகள், அதாவது பகுதிகள்; குடும்புக்கு ஒருவர். ஓலைகளைக் குடத்திலிட்டு, விவரம் அறியாத சிறுவனை எடுக்கச் சொன்னார்கள். அப்படி வந்த முப்பது பேரில் சம்வத்சர வாரியத்துக்கு 12, தோட்ட வாரியத்துக்கு 12, ஏரி வாரியத்துக்கு 6. ஓராண்டு பதவி, இருந்தவர் அடுத்த மூன்றாண்டு வர முடியாது. நட்பு கோஷ்டியாக இறுகுவதற்குள் ஆள் மாறிவிடுகிறது.

என்னை மிகவும் வியக்க வைப்பது அடுத்த விதி. கணக்குக் காட்டாதவர் மட்டும் விலக்கப்படவில்லை. அவருடைய பெரியம்மா, சித்தி, அத்தை பிள்ளைகள், தாய்மாமன், மாமனார், மைத்துனன், மருமகன் என்று உறவுமுறை சொல்லி அத்தனை பேரையும் விலக்கினார்கள். பிறப்பால் வந்த இழை, திருமணத்தால் வந்த இழை இரண்டையும் அறுத்தார்கள்.

அந்த வலையில் பெண்கள் இல்லை. நிலமில்லாதவர்கள் இல்லை. வேதம் படித்த, 35 முதல் 70 வயதுக்குட்பட்ட பிராமண ஆண்களின் சபை அது. ஏரி மண்ணைச் சுமந்தவர்கள் ஏரி வாரியத்துக்கு வெளியே நின்றார்கள்.

இந்த விதிகளைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பது கடினமல்ல. முப்பது புள்ளிகள், நட்புக்கும் பகைக்கும் இரு குறிகள். மூன்றாண்டு விலக்கை ஒருமுறை வைத்தும் ஒருமுறை எடுத்தும் பார்க்கலாம். காஞ்சிபுரம் மாவட்டத்துக் கல்லூரி மாணவர்கள் இதைச் செய்யவேண்டும் என்பது என் ஆசை. விதிகள் அவர்கள் ஊர்ச் சுவரிலேயே இருக்கின்றன.