மெலனாவ் பாட்டியின் சேகோ பிஸ்கட்

போர்னியோ தீவில் உள்ள மலேசிய மாநிலம் சரவாக். அதன் கடலோரத்தில் முக்கா, டாலாட், ஓயா, மாத்து என்ற ஊர்களில் வாழ்பவர்கள் மெலனாவ் மக்கள். 'ஆ லிக்கோ', அதாவது ஆற்று மக்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்வார்கள்.

கணவரின் வேலை நிமித்தம் ஈப்போவிலிருந்து முக்காவுக்குக் குடிபோனபோது, பக்கத்து வீட்டு மெலனாவ் பாட்டியிடம் இரண்டு விஷயம் தெரிந்துகொண்டேன். ஒன்று, தெபலோய் என்ற சேகோ பிஸ்கட். மற்றொன்று, ஒரு பாஷை வீட்டுக்குள்ளேயே எப்படித் தேய்கிறது என்பது.

நாம் வாங்கும் ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கில் செய்வது. அசல் சேகோ, சதுப்பு நிலத்தில் வளரும் ஒருவகைப் பனையின் உள்சோற்றிலிருந்து வருகிறது. அதைத் துருவி, தண்ணீரில் அலசி வடிகட்டினால் அடியில் வெள்ளை மாவு தங்கும். கொதிநீர் ஊற்றிப் பசைபோல் கிளறினால் அதுதான் 'லினுட்'. சம்பலில் தோய்த்துச் சாப்பிடுவார்கள்.

தெபலோய் செய்ய, சேகோ மாவு அரை கிலோ, துருவிய தேங்காய் ஒரு மூடி, முட்டை மூன்று, சர்க்கரை 150 கிராம், உப்பு ஒரு சிட்டிகை போதும். முட்டையையும் சர்க்கரையையும் அடித்து, தேங்காய், மாவு, உப்பு சேர்த்து விரலால் பிசறுங்கள். புட்டு மாவு பதம் வரவேண்டும். பெரிய கண் சல்லடையில் சலித்து, வாழையிலை விரித்த தட்டில் மெல்லிசாகப் பரப்பி அழுத்துங்கள். மிதமான சூட்டில் அவனில் வையுங்கள். பாதி வெந்ததும் சதுரமாகக் கீறி, மறுபடி வைத்து மொறுமொறுவென்று எடுங்கள். சேகோவில் மாவுச்சத்துதான் அதிகம்; முட்டை சேர்வதால் குழந்தைகளுக்குக் கொஞ்சம் புரதமும் கிடைக்கும். ஆறியபின் டின்னில் போட்டு இறுக மூடிவிடுங்கள்.

இனி பாஷைக்கு வருவோம். மெலனாவ் பேச்சு ஊருக்கு ஊர் மாறும். பாட்டியின் மகன் முக்கா பேச்சு, மருமகள் மாத்து பேச்சு. இரண்டும் சரியாக ஒத்துப்போகாததால் புருஷனும் பெண்சாதியும் மலாயில் பேசிக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்திலும் மலாய், டி.வி.யிலும் மலாய். எட்டு வயதுப் பேத்திக்குப் பாட்டி பேச்சு புரியும். ஆனால் வாயில் வராது. சண்டை சச்சரவு இல்லாமல், யாரும் தடுக்காமல், ஒரே கூரையின்கீழ் இரண்டு தலைமுறையில் இப்படி ஆகிவிட்டது!

"பேத்திகிட்ட உங்க பாஷையிலேயே பேசலாமே பாட்டி?" என்று மலாயில் கேட்டேன்.

"பேசறேன். அது மலாய்லே பதில் சொல்லுது. அதனாலே அடுப்படியிலே மட்டும் விடறதில்லேம்மா. என் பேச்சிலே கேட்டாத்தான் பிஸ்கட்!"

உண்மைதான். மாவு சலிக்கும் நேரத்தில் அந்தச் சிறுமி, 'இன்னும் கொஞ்சம் கொடு', 'சுடுது', 'எனக்கு' என்பதையெல்லாம் பாட்டி பேச்சிலேயே சொன்னாள். தப்பாகச் சொன்னால் பாட்டி சிரிக்க மாட்டார். சரியான சொல்லைத் தானே ஒருமுறை சொல்லிவிட்டு வேலையைத் தொடர்வார்.

வெளியூரில் பிள்ளை வளர்க்கும் சகோதரிகளே, இந்த வழி நமக்கும் உதவும். தமிழ்ப் பாடம் என்று உட்காரவைத்தால் ஓடும் பிள்ளை, முறுக்கு பிழியும்போது தானே வந்து நிற்கும். படி, ஆழாக்கு, முறம், சல்லடை என்று பெயர் சொல்லியே கேளுங்கள். எடுத்துக் கொடுத்தால் முதல் முறுக்கு அதற்குத்தான்!