பற்றரியை எப்போது மாற்றுவது?

விதைப்புக்கு ஏற்ற ஈரம் நிலத்தில் சில நாட்களே நிற்கும். அவ்வேளையில் உழவு இயந்திரம் இயங்க மறுத்தால், "பற்றரி முடிந்துவிட்டது" என்று கடன்பட்டுப் புதியது வாங்குகிறோம். பல தடவைகளில் பழுது பற்றரியில் இருப்பதில்லை.

முதலில் முனைகளில் படிந்த பூப்பைச் சுடுநீரால் கழுவி, கவ்விகளை இறுக்குவோம். பட்டி தளர்ந்துள்ளதா எனப் பார்ப்போம். இயந்திரம் ஓடும்போது பற்றரி முனைகளில் ஏறத்தாழ 14 வோல்ற் காட்டவேண்டும். 13க்குக் குறைந்தால் மின்னேற்றும் பகுதியிலேயே பழுது. புதிய பற்றரியும் இறங்கிவிடும்.

அடுத்து, பற்றரியை முழுதாக மின்னேற்றி ஓர் இரவு விட்டு அளக்கவேண்டும். நல்ல பற்றரி 12.6 வோல்ற் அளவில் நிற்கும். அதனுள் ஆறு அறைகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 வோல்ற் தரும். 10.5 மட்டுமே காட்டினால் ஓர் அறை செத்துவிட்டது; மாற்றத்தான் வேண்டும். மின்னேற்றிய பின்னரும் இயந்திரத்தைத் திருப்பும்போது 9.6க்குக் கீழ் இறங்கினால் அதுவும் முடிவுக்கு அறிகுறி.

உத்தரவாதம் உற்பத்திக் குறைபாட்டுக்கே உரியது. பெட்டி வெடித்தாலோ, கிணற்று நீர் ஊற்றினாலோ, நீர் வற்றவிட்டாலோ பொதுவாகக் கிடைக்காது. வடித்த நீரே ஊற்றவேண்டும். வாங்கும்போது கேட்கவேண்டியவை: எத்தனை மாதம்? இலவசமாக மாற்றித் தருவார்களா, பாவித்த காலத்துக்குக் கழிப்பார்களா? மாற்றிய பற்றரிக்கு மிஞ்சிய காலம் மட்டுமா?

அட்டையில் திகதி, பற்றரியின் இலக்கம், கடை முத்திரை மூன்றும் இருக்கவேண்டும். அதைப் பற்றுச்சீட்டுடன், காணி உறுதியும் அடையாள அட்டையும் உள்ள பையிலேயே வைப்போம். இடம்பெயர்ந்த எமக்கு ஒரு கடதாசியின் பெறுமதி தெரியும். காலத்துக்குள் கடைக்காரர் மறுத்தால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்குத் தாமதியாது எழுத்தில் முறையிடலாம்.

பழைய பற்றரியை வளவில் உடைக்கவேண்டாம். ஈயம் மண்ணிற் கலந்து பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கடையிற் கொடுத்தால் புதியதன் விலையிற் கழித்துக்கொள்வார்களா என்றும் கேட்டுப் பார்ப்போம்.