உங்களுக்குத் தெரியுமா? எரியாத பேட்டரி விளக்கும் ஓர் எச்சரிக்கைதான்!

பழைய கார்களின் டேஷ்போர்டில் இருக்கும் சிவப்பு பேட்டரி விளக்கு கோளாறைச் சொல்வதற்கு மட்டும் வைக்கப்பட்டதல்ல. லூகாஸ், பாஷ் நிறுவனங்களின் பழைய ஆல்டர்னேட்டர்கள் பலவற்றுக்குத் தொடக்க மின்னோட்டமே அந்தச் சிறு பல்பு வழியாகத்தான் போகிறது. ரோட்டரில் காந்தப்புலம் உருவாக அதுதான் உதவுகிறது. பல்பு பழுதானால் எச்சரிக்கையும் வராது, சார்ஜும் ஒழுங்காக ஏறாது; சில வண்டிகளில் இன்ஜினை நன்றாக முடுக்கிய பிறகுதான் ஏறத் தொடங்கும். அதனால் சாவியைத் திருப்பியதும் விளக்கு எரிகிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

இன்ஜின் ஓடும்போதும் அணையவில்லையா? பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை வைத்தால் துப்பு கிடைக்கும். ஓய்வில் நல்ல பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். இன்ஜின் ஓடும்போது அது ஏறத்தாழ 14 வோல்ட்டைத் தொட வேண்டும். தொடாவிட்டால், அவசரப்பட்டுப் புது பேட்டரி வாங்குவது வீண் செலவு. ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கலாம், கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், ரெகுலேட்டர் போயிருக்கலாம்.

தலைசுற்ற வைக்கும் கோளாறுகளுக்குப் பின்னால் பல நேரம் எர்த் இணைப்புதான் இருக்கும். பிரேக்கை மிதித்தால் பின்பக்க இண்டிகேட்டர் மங்கலாக எரிகிறது என்றால், பெரும்பாலும் அந்த விளக்குத் தொகுதியின் எர்த்தில் துரு ஏறியிருக்கும். திரும்பிப் போக வழியில்லாத மின்சாரம் பக்கத்து பல்பு வழியாகப் பாய்கிறது. இணைப்பைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினால் பல வண்டிகளில் அதுவே போதும். பேட்டரியின் நெகட்டிவ் கேபிளை மட்டும் முன்பே கழற்றிவிட வேண்டும்.