கணிப்பொறிக்கு உலக அறிவு

"வள்ளி பூசணிக்காயைப் பைக்குள் வைக்கப் பார்த்தாள், அது பெரிதாக இருந்ததால் முடியவில்லை." எது பெரிது? பூசணிக்காய் என்று உடனே சொல்லிவிடுவீர்கள். 'பெரிதாக' என்பதைச் 'சிறிதாக' என்று மாற்றிப் பாருங்கள். இப்போது 'அது' பையைக் குறிக்கிறது! இலக்கணம் மாறவில்லையே, எப்படிக் கண்டுகொண்டீர்கள்? பெரிய பொருள் சிறிய பைக்குள் நுழையாது என்பது உங்களுக்குத் தெரியும். எந்த அகராதியிலும் இதைத் தேட வேண்டாம். எல்லோருக்கும் தெரிந்ததை யார் எழுதி வைப்பார்கள்?

மொழிபெயர்க்கும் இயந்திரத்திற்கு இதுவே பெருந்தடை என்று பார்-ஹில்லெல் என்ற அறிஞர் 1960-இல் எடுத்துக்காட்டினார். ஆங்கிலத்தில் 'பென்' என்பது பேனாவையும் குறிக்கும். குழந்தை தவழ்ந்து வெளியே போகாமல் தடுக்கும் அடைப்பையும் குறிக்கும். ஒரு பெட்டி 'பென்'னுக்குள் இருப்பதாகச் சொன்னால் நாம் பேனாவை நினைப்பதில்லை. இயந்திரத்திற்கோ பெட்டியின் அளவும் தெரியாது, பேனாவின் அளவும் தெரியாது.

அப்படியானால் இவற்றையெல்லாம் எழுதியே கொடுத்துவிட்டால் என்ன? டக்ளஸ் லெனட் அதற்கும் துணிந்தார். 1984-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் தொடங்கிய அத்திட்டத்தின் பெயர் 'சைக்'. பள்ளித் தேர்வில் கேட்கும் பொது அறிவு அன்று அவர்கள் எழுதியது. தேர்வில் யாரும் கேட்காத அறிவு! நீர் நனைக்கும், தாய் மகளைவிட மூத்தவள் என்பன போன்றவற்றைத் தர்க்க விதிகளாக்கி, ஆட்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பதிந்தார்கள். இலட்சக்கணக்கில் விதிகள் சேர்ந்தன. ஆனால் விதி என்றால் விலக்கும் உண்டல்லவா? பறவை பறக்கும் என்று எழுதினால் தீக்கோழி வந்து நிற்கிறது. சிறகொடிந்த காக்கையை என்ன செய்வது?

ஒரு வேடிக்கையும் நடந்தது. பிரெட் என்பவர் மின்சாரச் சவரக்கருவியால் முகம் மழிக்கும் கதையைச் சைக்குக்குக் கொடுத்தார்கள். மனித உடலில் மின் உறுப்புகள் இல்லை என்பது அதற்குத் தெரியும். கருவியையும் பிரெட்டின் ஓர் உறுப்பாக அது எடுத்துக்கொண்டது. எனவே, சவரம் செய்யும்போதும் இவர் மனிதர்தானா என்று கேட்டதாம்! சிரிக்கிறோம், தர்க்கத்தில் பிழை இல்லை என்பதையும் கவனியுங்கள்.

மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் வேறு வழி பார்த்தார்கள். 1999 முதல் பொதுமக்களையே இணையம் வழியாக இத்தகைய வாக்கியங்களை எழுதித் தரச் செய்தார்கள். அதிலிருந்து வளர்ந்ததே 'கான்செப்ட்நெட்'.

இன்றைய மொழி மாதிரிகள் கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்தே பழகியவை. பூசணிக்காய் வாக்கியத்தைப் பெரும்பாலும் சரியாகவே புரிந்துகொள்கின்றன. ஆனால் ஒரு விடையை எப்படி அடைந்தன என்று படிப்படியாகச் சரிபார்ப்பது கடினம். சைக்கில் அது முடியும். இரண்டையும் இணைக்கலாம் என்று லெனட், கேரி மார்க்கஸுடன் சேர்ந்து 2023-இல் எழுதினார். அவர் மறைந்ததும் அதே ஆண்டில்தான்.